அறை கட்டுவதற்கு முன்

கதிர், இதை உட்கார்ந்து படி. படகுத்துறையில் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் ஃபோனுமாக நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உன் தமிழ் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடத்தில் நீ தேறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி. புரியாத இடத்தில் உன் பெண்டாட்டி மோராவிடம் கேட்க முடியாது, என்னிடம்தான் கேட்டாக வேண்டும், அதுவும் நல்லதுதான். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் ‘ஓகே லா மா, ஓகே லா’ என்று நீயே முடித்துவிடுகிறாய். இல்லாவிட்டால் காற்றடித்து உங்கள் தீவில் லைன் போய்விடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது ஒரே கேள்வி. “அம்மா, பிப்ரவரியில பேபி வருது. வீட்டுக்குப் பின்னால உங்களுக்குன்னு ஒரு ரூம் கட்டலாம்னு நானும் மோராவும் பேசிருக்கோம். காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வேலைய விட்டுட்டு இங்கயே வந்துருங்க. குளிருக்கு முன்னாடி மரம் வந்து இறங்கணும், அதான் யெஸ்ஸா நோவான்னு சீக்கிரம் சொல்லுங்க” என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தையே சிங்கப்பூரில் மூன்று இடத்தில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். செம்பவாங் வீட்டில் சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன், பஸ் டெப்போவில் இடைவேளையில் கொஞ்சம் எழுதினேன், இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இப்போது தேக்காவில் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் இருக்கிற தே தாரிக் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருக்கிற சீனத் தாத்தா நான் எழுதுவதை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்க்கட்டும்.

இங்கே வந்தது உனக்குப் பார்சல் அனுப்பச் சாமான் வாங்க. சந்தையில் காய்கறி விற்கிற லெட்சுமியை உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் உனக்கு ஓசியில் கேரட் கொடுப்பாளே, அவள்தான். விஷயத்தைச் சொன்னேன். “இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? பேரப்புள்ளய தூக்கி வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க லா. இங்க என்ன இருக்கு, வெயில்ல பஸ் ஓட்டிக்கிட்டு” என்றாள். பஸ்ஸில் ஏர்கான் இருக்கிறது என்றேன். “பேச்சப் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். டெப்போவிலும் அதே கதை. கேட்டவர்கள் எல்லாரும் போ என்றுதான் சொன்னார்கள். மாற்றிச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு ஆனதால் இந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. கிராஞ்சி தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த பையன்கள் புல்வெளி முழுக்க உட்கார்ந்து ஊருக்கு ஃபோன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘சாப்பிட்டேன்மா, நல்லாருக்கேன்மா, வேலையெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்லம்மா.’ இத்தனை வருஷமாக என் காதில் விழுந்து நான் கவனிக்காத பேச்சு இது. உன் தாத்தா கப்பல் பட்டறைக்கு வந்து இறங்கியதோடு நம் குடும்பத்தில் அந்த அத்தியாயம் முடிந்தது, இனி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் வேலை என்று நினைத்திருந்தேன். நீ போன பிறகு நின்று கேட்கிறேன். ஃபோனில் அந்தப் பக்கம் இருக்கிற அம்மா இப்போது நான்தான். ஒண்ணும் கஷ்டமில்லம்மா என்று மகன் சொல்வதை அவர்களும் என்னைப் போலத்தான் நம்புவார்கள், அதாவது நம்ப மாட்டார்கள்.

நீ கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போனபோது எனக்கு வருத்தமில்லை. பிள்ளை வெளிநாட்டில் படிக்கிறான் என்று பஸ்ஸில் ஏறுகிற தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். படித்து முடித்து, மோராவைக் கட்டிக்கொண்டு, மரமே முளைக்காத ஒரு தீவில், நம் புளோக்கின் ஒரு மாடியில் இருக்கிற ஆட்கள்கூட இல்லாத கிராமத்தில், கடலுக்குள் கூண்டு போட்டு மீன் வளர்க்கிற வேலைக்குப் போகிறேன் என்றாயே, அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினியராக இருக்கிறான் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வருகிற இலையுதிர்காலத்தில் வாங்கம்மா என்று நீ டிக்கெட் அனுப்பியபோது, உன்னைப் பேசி அழைத்து வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போன வருஷம் கிளம்பினேன். அது உனக்கும் தெரிந்திருக்கும். என் முகத்தில் எதுவும் நிற்காது.

ஆனால் உன் ஊரைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். படகிலிருந்து இறங்கிய மறுநாளே எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மீனோ முட்டையோ இருக்கும், யார் வைத்தார்கள் என்று தெரியாது. கரையோரப் பாறையில் சீல்கள் படுத்துக்கொண்டு என்னையே வெறித்துப் பார்க்கும். மழை விட்டு வெயில் வந்தால் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம், நானே நின்றேன். கிராம மண்டபத்தில் நான் ஆட்டுக்கறி வைத்துக் கறிபாப் பொரித்த அன்று பாதிரியார் உட்பட எல்லாரும் இரண்டாம் தரம் வரிசையில் வந்தார்கள். ஒரு ஆளுக்கு மூன்று வேலை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. மீன் பண்ணைக்குப் போகிற நீயே படகு வந்தால் ஓடிப்போய்க் கயிறு பிடிக்கிறாய், தீயணைப்பு வண்டிக்கும் நீதான். சிங்கப்பூரில் உன் அறையில் பல்பு மாற்றக்கூட நான்தான் நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது.

கஷ்டத்தையும் பார்த்தேன். காற்று அடித்து ஒரு வாரத்துக்கு மேல் படகு வரவில்லை. கடையில் அலமாரி காலியாக இருந்தது, மோரா கடைசி வெங்காயத்தைப் பாதி வெட்டி மீதியை மூடி வைத்தாள். உனக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியது, பல் டாக்டர் அடுத்த மாதம்தான் வருவார் என்றார்கள், கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டாய். மூன்றரை மணிக்கே இருட்டுகிற குளிர்காலத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆங்கஸ்தான் உன் முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். எழுபது வயது மனுஷன், ஆடு வளர்க்கிறவர், பேசுவதே குறைவு. “உன் மகன் தினமும் சாயங்காலம் வேலி ஓரமாக நின்று என் ஆடுகளோடு உங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பான். ஆடுகளுக்கும் பழகிவிட்டது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நீ என்னிடம் ‘எல்லாம் ஓகே மா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். இனிமேல் ஆட்டிடம் சொல்வதில் பாதியையாவது என்னிடம் சொல். மோராவிடமும் சொல். அவள் பயப்படுகிற பெண் இல்லை.

இப்போது அந்தக் கதவு விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீ அறை கட்ட நினைத்ததே அதில்தான் தொடங்கியது என்று எனக்குச் சந்தேகம். நான் நாற்பது வருஷமாகப் புளோக் வீட்டில் இருக்கிறவள். மரக்கதவைப் பூட்டி, இரும்புக் கேட்டையும் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மின்தூக்கிக்குப் போவேன். உங்கள் வீட்டில் சாவியே இல்லை. வீட்டில் நான் மட்டும் இருக்கும்போது யாராவது தட்டாமலே உள்ளே வந்து அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று நினைத்தேன். வாசல் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று துருப்பிடித்து அசையாமல் கிடந்தது. என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயையே அதற்கும் ஊற்றி, ஆட்டி ஆட்டி, கடைசியில் போட்டேவிட்டேன். பெரிய காரியம் செய்த திருப்தியில் போய்க் குளித்தேன். தலை முழுக நேரமாகும் என்று உனக்குத் தெரியும்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், சமையலறை ஜன்னலை இரண்டு பேர் கடப்பாறையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அரை கிராமம். ஆங்கஸ் கதவைத் தள்ளியிருக்கிறார், திறக்கவில்லை. அந்த ஊரில் கதவு திறக்காவிட்டால் உள்ளே ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தமாம். கத்திக் கூப்பிட்டிருக்கிறார், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கடலில் இருந்த உனக்கு வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆங்கஸ் முகம் வெளுத்துப்போய் நின்றார். நான் எல்லாருக்கும் தேநீர் போட்டேன், வேறு என்ன செய்வது. நீ பண்ணை பூட்ஸோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, “ஏம்மா கதவ பூட்டுனீங்க?” என்று கத்தினாய். வாழ்க்கையில் நீ என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். மோரா மட்டும் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சிரித்தாள். அதற்குப் பிறகு நான் தாழ்ப்பாள் போடவில்லை. இரவில் மட்டும் என் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டேன், அதுவும் உனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்தோம். பிறகு, “செம்பவாங்ல நீங்க விழுந்தா யாரும்மா கதவ உடைப்பா?” என்றாய். அந்தக் கேள்வி என்னோடு விமானத்தில் ஏறி வந்தது. அப்பா தவறிய பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தானே. பயமாக இல்லை என்று சொன்னால் பொய். அதனால் உனக்கு மறைத்த ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், சமையலறையில் தலை சுற்றியது. சுவர் ஓடியது. மெல்லத் தரையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. ஃபோன் ஹாலில் அடிக்கிறது, கேட்கிறது, போக முடியவில்லை. நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு ரொஹானி கேட்டைப் பிடித்து உலுக்கினாள். “காக்கா, காக்கா” என்று கூப்பிட்டாள், அவள் என்னை அக்கா என்பதை மலாயில் அப்படித்தானே சொல்வாள். அவளிடம் என் சாவி ஒன்று இருக்கிறது. டெப்போவில் கண்ட்ரோலராக இருக்கிற ஃபைசல்தான் அவளுக்கு ஃபோன் செய்திருக்கிறான். ஓட்டுநர் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பஸ் கிளம்பாது, பஸ் கிளம்பாவிட்டால் உடனே ஃபைசலுக்குத் தெரிந்துவிடும். ‘நீங்க ஒரு நாளும் லேட்டா வந்ததில்லையே ஆன்ட்டி, அதான் பயந்துட்டேன்’ என்று பிறகு சொன்னான். காதுக்குள் ஏதோ கோளாறு, பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, முழுக்கச் சரியாகி அவர் எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன். ‘நல்லாருக்கேன்மா’ மாதிரி இல்லை, நிஜமாகவே.

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்த அந்த நாட்களில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. துடைத்த ஜன்னலையே துடைத்தேன். கீழே போய் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருகிற பஸ் எல்லாம் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன். ஒருநாள் என் தடத்து பஸ்ஸிலேயே பயணியாக ஏறி கிராஞ்சி பண்ணைகள் வரைக்கும் போய் வந்தேன். புதுப் பையன் ஓட்டினான், ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிற அம்மா ஒருத்தி ஏறி என்னைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க?” என்றாள். உங்கள் தீவில் எனக்கு என்னவாயிருந்தது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

உங்கள் ஊர் மினிபஸ் ஓட்டுகிறவர் காலை உடைத்துக்கொண்டாரே, ஞாபகமிருக்கிறதா? பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கிழவிகளையும் படகுத்துறைக்குக் கொண்டுபோக ஆளில்லை. நான் பஸ் ஓட்டுகிறவள் என்று கேள்விப்பட்டு நேரே என்னிடம்தான் வந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்தாய். என் உரிமம் அங்கே அந்த வண்டிக்குச் செல்லாது என்று நீ இண்டர்நெட்டில் பார்த்துச் சொன்னாய். கடைசியில் நான்காவது வேலையாக அதுவும் உன் தலையில் விழுந்தது. நான் உன் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து, மெதுவாப் போ, பள்ளம் பார், முன்னால ஆடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வண்டி மட்டுமே போகிற அந்தச் சாலையில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் நீ ஒதுங்கி நின்று கை தூக்கினாய், அவர்களும் தூக்கினார்கள். என் பிள்ளை இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். உன்னை அழைத்துப் போகிற பேச்சை நான் எடுக்காமலே திரும்பியதற்கு அந்த மினிபஸ்தான் காரணம்.

அதனால் உன் கேள்விக்கு இதுதான் பதில். வேலையை விட்டுவிட்டு நான் அங்கே வந்து இருக்க மாட்டேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கம்பெனி கேட்டது, நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். வருஷா வருஷம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓட்டுவேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று கேட்காதே, தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இப்போதே உன் வீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ள எனக்கு மனமில்லை. அங்கே எல்லாரும் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் எழுந்தால் எனக்காக எந்த வண்டியும் காத்திருக்காது. அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை, கதிர். உன்னைவிட பஸ் பெரிதா என்று நீ கேட்க மாட்டாய், லெட்சுமி கேட்டாள். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரசவத்துக்கு வருவேன், அதில் மாற்றமில்லை. கடல் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாததால் மோரா முன்கூட்டியே படகேறிப் பெரிய ஊருக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டும் என்றாயே, அங்கே அவளைத் தனியாக விடாதே, நான் கூட இருக்கிறேன். அவளுக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்பது நம் வழக்கம், வீடு இல்லாவிட்டால் அம்மாவாவது வேண்டுமே, நான் நின்று செய்கிறேன். பத்திய மருந்துச் சாமான் எல்லாம் லெட்சுமியிடம் சொல்லியிருக்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்களோடு தீவுக்கும் வந்து, லீவு முடியும்வரை இருந்து, பிறகு திரும்பி விடுவேன். ஹால் சோபாவே எனக்குப் போதும்.

அறையைக் கட்டு. மரத்தை நாளைக்கே ஆர்டர் பண்ணு, என்னால் தாமதமானது போதும். ஆனால் அதை எனக்காகக் கட்டாதே, பிள்ளைக்குக் கட்டு. ஜன்னலைக் கடல் பக்கம் வை. அந்த அறையில் பிள்ளையோடு தமிழில் பேசு, நீ பேசாவிட்டால் அங்கே வேறு யாரும் பேசப் போவதில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் அது கேட்கும், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும், பாட்டி ஏன் நம்மோடு இல்லை என்று. அப்போது பாட்டிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, உடம்பு சரியில்லை, டிக்கெட் விலை அதிகம் என்றெல்லாம் சொல்லி மழுப்பாதே. ‘எனக்கு இந்த ஊர் பிடித்தது, இருந்துவிட்டேன். பாட்டிக்கு அவள் ஊர் பிடித்தது, இருந்துவிட்டாள்’ என்று சொல். நீ அங்கேயே தங்கியதற்கு உன்னை மன்னிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று, என்னை மன்னிக்கப் பிள்ளைக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது.

அம்மா